கதவுக்குப் பின்னால் சொன்ன அளவு

எலியின் சிறுநீரை அளப்பதும் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். நோயில் படுத்து மாத்திரை விழுங்கும் ஒவ்வொருவருக்கும் முன்னால் எங்கோ ஓர் எலி அதே மருந்தை வாங்கிக்கொண்டு கூண்டில் உட்கார்ந்திருந்தது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. அந்த எலியின் கீழே கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்த ஆளையும் யோசிப்பதில்லை. மருந்து ஆராய்ச்சிக்கூடத்தின் பின்கட்டில் இருபத்தாறு வருடம் அப்படி உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் மில்லி என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் அது உயிரோடு இருந்தது.

மில்லி லிட்டர் கணக்கு அவர் வாயில் அப்படி ஊறிப்போயிருந்தது. டீக்கடையில் கண்ணாடித் தம்ளரைத் தூக்கிப் பார்த்து, "நேத்து தொண்ணூறு இருந்துச்சு, இன்னிக்கு எம்பதுதான் இருக்கு" என்பார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

அவர் வேலை செய்த அறையில் பன்னிரண்டு கூண்டுகள், இரண்டு வரிசை. அளவுக்கூண்டு என்று அங்கே பெயர். கம்பித் தரை, அதற்குக் கீழே புனல். புழுக்கை ஒரு பக்கம் உருண்டு போகும், சிறுநீர் இன்னொரு பக்கம் வழிந்து குழாயில் இறங்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூண்டில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. எலி குடிப்பதற்குப் பக்கத்தில் தண்ணீர்ப் புட்டி தொங்கும். அதன் மூக்கு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்து, புனல் வழியாக ஓடி, சிறுநீரோடு கலந்துவிடும். மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது என்று மேலே இருப்பவர்கள் குதிப்பார்கள். கடைசியில் பார்த்தால் அது வெறும் குழாய்த் தண்ணீராக இருக்கும்.

மில்லியிடம் மட்டும் அந்தத் திருட்டு செல்லாது. குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் சாய்ப்பார். நிறத்தைப் பார்ப்பார், ஓரத்தில் வழிகிற விதத்தைப் பார்ப்பார். அதற்கென்று ஒரு சின்னக் கருவியும் இருந்தது. ஒரு சொட்டை வைத்துக் கண்ணருகே பிடித்தால் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று சொல்லிவிடும். மற்றவர்கள் சரிபார்க்கத்தான் அது தேவைப்பட்டது. தண்ணீர் கலந்த அளவை அவர் அழிக்க மாட்டார். எண் தெரிகிற மாதிரி மேலே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'தண்ணீர் கலந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். கோடு போட்டு ஒத்துக்கொண்டால் தப்பு, அழித்தால் பொய் என்பது அவர் கட்சி. இருபத்தாறு வருட ஏடுகளில் ஓர் எண்ணைக்கூட அவர் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

வீட்டில் அவரும் அக்காவும்தான். அவருக்குப் பதினொரு வயதில் பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. தையல் மிஷினை மிதித்து அவரைப் படிக்க வைத்தாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பி ஒரு வேலையில் உட்காரட்டும் என்றாள். தம்பி வேலையில் உட்கார்ந்தபோது கேட்க ஆள் இல்லை. தம்பிக்கும் கல்யாணம் கூடவில்லை. "எலி மூத்திரம் அளக்கிறான்னு சொன்னா எவடா கழுத்த நீட்டுவா?" என்று அக்கா கேலி செய்வாள். வருத்தமெல்லாம் இருந்திருக்கும், இரண்டு பேரும் அதை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

அக்காவின் கால் வீங்கத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தது தையல் மிஷின்தான். மிதிக்கிற பலகையில் செருப்போடு கால் கொள்ளவில்லை. வயதாகிறது என்று விட்டுவிட்டாள். பிறகு கண்ணுக்குக் கீழே உப்பியது. கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. அதைப் பார்த்த மில்லி மறுநாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிறுநீரக டாக்டரிடம் போனார்.

டாக்டர் இளவயசுக்காரர், பொறுமையானவர். சிறுநீரகத்தில் உள்ள சல்லடை பழுதாகி, ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகிறது என்றார். அந்தப் புரதம் குறைந்தால் நீர் ரத்தக் குழாய்க்குள் நிற்காமல் சதையில் போய்த் தேங்கும். அதுதான் வீக்கம். நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை, உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு கண்டிப்பு, இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லி ஒரு சீட்டு. கடைசியாக ஒன்று சொன்னார். தினமும் இருபத்து நாலு மணி நேரத்துச் சிறுநீரை அளந்து எழுத வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து அரை லிட்டருக்குக் கீழே போனால், இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காமல் உடனே அழைத்து வந்துவிட வேண்டும். மாத்திரை கேட்கவில்லை என்று அர்த்தம், படுக்க வைத்துத்தான் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும், தள்ளிப்போட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

அளக்க வேண்டும் என்று கேட்டதும் மில்லிக்கு உயிர் வந்தது. உலகத்தில் எந்த டாக்டரும் இதைவிடச் சரியான ஆளிடம் இந்த வேலையைக் கொடுத்திருக்க முடியாது. ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சாமான் தருகிற கடையில் மூடி போட்ட இரண்டு லிட்டர் ஜாடி ஒன்று வாங்கினார், ஐம்பது ஐம்பதாகக் கோடு போட்டது. புது நோட்டு ஒன்றில் நாள், நேரம், அளவு, குறிப்பு என்று நான்கு பத்தி பிரித்தார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. ஜாடியைக் கொடு, நான் பார்க்கிறேன் என்று தம்பி சொன்னதும் அக்காவின் முகம் சிவந்துவிட்டது. கூடப் பிறந்தவன் முன்னால் அதைக் கொண்டுவந்து வைக்க அவளால் முடியவில்லை. மில்லிக்கும் கூசத்தான் செய்தது. பகலெல்லாம் பன்னிரண்டு எலியின் சிறுநீரை மூக்கருகே பிடிக்கிற மனிதருக்கு, தன்னை வளர்த்த அக்காவின் ஜாடியைத் தொட வெட்கம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்போம்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அக்கா குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஜாடியின் கோட்டைப் படிப்பாள். உள்ளிருந்தே சத்தமாகச் சொல்வாள். மில்லி வெளியே நோட்டோடு நின்று எழுதிக்கொள்வார். அவள் "எழுதிட்டியா?" என்பாள். இவர் "எழுதிட்டேன்" என்பார். பிறகு அவள் கொட்டிக் கழுவிவிடுவாள்.

முதல் நாள் நானூற்றுப் பத்து. இரண்டாம் நாள் முந்நூற்று அறுபது.

அன்று காலை மில்லியின் முகத்தில் ஈயாடவில்லை. தட்டில் போட்டது அப்படியே இருந்தது. கோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தாயா, ஜாடி சமதரையில் இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார். நாளைக்கும் இப்படியே இருந்தால் லீவு போட்டுவிட்டு உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன் என்றார். சொல்லும்போதே அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

லீவு என்பது அப்போது சின்ன விஷயம் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்கு அந்த வாரம்தான் ஆறு விசேஷமான எலிகள் வந்திருந்தன. பிறவியிலேயே ரத்தத்தில் அல்புமின் என்கிற புரதம் இல்லாத எலிகள். அவற்றுக்காகப் பெண் விஞ்ஞானி ஒருவர் மூன்று வருடம் கடிதம் எழுதிக் காத்திருந்தார். கூடத்தில் அவரை மேடம் என்பார்கள். நீரை வெளியேற்றும் மருந்தைச் சாதாரண எலிக்கும் இந்த எலிக்கும் கொடுத்து வித்தியாசம் பார்ப்பதுதான் அவர் திட்டம். அளவெடுக்க மில்லியைத் தவிர வேறு யார் கையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கட்டுரை அச்சாகும்போது நன்றி சொல்லும் இடத்தில் மில்லியின் சொந்தப் பெயரைப் போடுவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். மில்லி அதை வீட்டில் ஒரு தரம்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் சட்டைகளுக்கு அக்கா தினமும் இஸ்திரி போட்டாள்.

மூன்றாம் நாள் காலை, கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா சொன்னாள்: "எழுநூறு."

மில்லி இரண்டாம் தரம் சொல்லச் சொன்னார். எழுநூறுதான். அவர் கதவில் நெற்றியை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். அன்று இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

நான்காம் நாள் எண்ணூற்று ஐம்பது. ஐந்தாம் நாள் ஆயிரத்து ஐம்பது. எண் அழகாக, அவசரப்படாமல் ஏறியது. மருந்து வேலை செய்தால் இப்படித்தான் ஏறும் என்று மில்லி நோட்டை விரித்து வைத்து ரசித்தார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. மருந்து போட்ட நாலு மணி நேரத்தில் மேல்வரிசைச் சாதாரண எலிகள் எட்டு, ஒன்பது மில்லி என்று கொட்டித் தீர்த்தன. கீழ்வரிசையில் இருந்த புரதமில்லாத எலிகள் மூன்றைத் தாண்டவில்லை. அதே மருந்து, அதே அளவு. கீழ்வரிசைப் புனல்கள் ஒழுகுகின்றனவோ என்று மேடம் சந்தேகப்பட்டார். மில்லிக்கு ரோஷம் வந்துவிட்டது. கூண்டுகளைக் கழற்றிக் கழுவித் துடைத்து, மேல் எலிகளைக் கீழேயும் கீழ் எலிகளை மேலேயும் மாற்றிப் போட்டார். குறைந்த அளவு கூண்டோடு நிற்கவில்லை. எலியோடு கூடவே மேலே போனது. ஒழுகல் கூண்டில் இல்லை என்று அவர் மேசையில் நோட்டை வைத்தபோது, மேடம் எழுந்து நின்று அதைப் படித்தார்.

அப்புறம்தான் மேடம் அவருக்கு விஷயத்தைச் சொன்னார்.

"மருந்து தானா நடந்து கிட்னிக்குப் போறதில்ல, மில்லி. ரத்தத்துல அந்தப் புரதம்தான் அதப் பிடிச்சு வச்சிருந்து, கிட்னி வாசல்ல கொண்டுபோய் விடுது. இதுங்களுக்குத் தூக்கிட்டுப் போக ஆள் இல்ல. மருந்து வழியிலயே சதைக்குள்ள எறங்கி எங்கெங்கயோ போயிடுது."

மில்லி குழாயைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். எங்க அக்காவுக்கும் அந்தப் புரதம்தான் ஒழுகுகிறது என்றார்.

மேடம் நோட்டை மூடி வைத்தார். பிறகு, அக்காவுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டார். மில்லி அன்றைய அளவைச் சொன்னார், ஆயிரத்து நூற்றைம்பது. சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. உங்க எலி மாதிரி இல்ல மேடம் எங்க அக்கா, கெட்டிக்காரி என்றார். மேடம் சிரித்தார், நல்லது என்றார். எடை பார்க்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். இங்கே ஒவ்வோர் எலியையும் மருந்துக்கு முன்னும் பின்னும் எடை போடாமல் மில்லி விடுவதில்லை. உள்ளே இருக்கிற நீர் வெளியே வந்திருந்தால் எடை இறங்கியே தீர வேண்டும். வீட்டில் எடை பார்க்கும் மிஷின் இல்லை என்றார். ஒன்று வாங்கிவிடுங்கள் என்றார் மேடம்.

வீட்டில் போய்ச் சொன்னதற்கு அக்கா கையை ஆட்டிச் சிரித்தாள். "அளந்தாச்சு, இனி நிறுக்கவும் போறியா? என்னையும் எலியாக்கிட்ட." மில்லியும் சிரித்தார். பேச்சு அதோடு போயிற்று. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தது. அக்கா முழுக்கை வைத்த சட்டை போடத் தொடங்கியிருந்தாள். காலைப் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லாமல், முதுகு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாள். மில்லி எல்லாவற்றையும் பார்த்தார். ஆனால் அவர் கண்ணைவிட அளவை நம்பிப் பழகிய மனிதர். கண் ஏமாற்றும், கோடு ஏமாற்றாது என்று இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஆயிரத்து நானூறு போகிறதே, பிறகென்ன என்று மனசுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நம்ப ஆசைப்பட்டார் என்பதுதான் நிஜம்.

பன்னிரண்டாம் நாள் காலை அக்கா உள்ளே போய் நேரமாயிற்று. "ஆயிரத்து ஐநூறு" என்று குரல் வந்தது. ஆயிரம் ஒரு மூச்சில், ஐநூறு இன்னொரு மூச்சில். எழுதிட்டியா என்ற கேள்வி வரவில்லை. மில்லி இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுக் கதவைத் தள்ளினார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைத் தாங்கிக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் கார் கேட்டு ஓடினார். கார் வரக் கொஞ்சம் நேரம் ஆகும் என்றார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதையாவது செய்ய வேண்டுமே என்று, அவள் விட்டுவந்த ஜாடியைக் கழுவி வைக்கக் குளியலறைக்குள் போனார்.

ஜாடி ஜன்னல் திட்டில் இருந்தது. சரியாக ஆயிரத்து ஐநூறு கோட்டில் நின்றது. எடுத்தவர் பழக்கத்தில் அதை வெளிச்சத்தில் ஒரு தரம் சாய்த்தார். அவர் சாய்க்கவில்லை, கை தானாகச் சாய்த்தது.

கருவி தேவைப்படவில்லை. புதிதாகச் சேர்ந்தவன்கூடச் சொல்லியிருப்பான். புரதம் ஒழுகுகிற சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்க வேண்டும். இதில் பேருக்கு ஓரத்தில் நாலு குமிழி. நிறம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பக்கத்தில் குளிக்கிற சொம்பு ஈரமாக இருந்தது.

ஜாடியைக் கையில் பிடித்தபடியே வந்து அக்காவின் முன்னால் நின்றார். அதைப் பார்த்ததும் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எத்தன நாளாக்கா?"

"மூணாவது நாள்லேருந்து."

"ஏன்க்கா?"

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள். "மொத ரெண்டு நாள் உன் மொகத்தப் பாத்தேன்டா. அதுக்கு மேல பாக்க முடியல." இன்னும் ஒரு மூச்சு. "அந்த எலிங்க மறுபடி வராதுன்னியே. உன் பேரு அச்சுல வரட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு... ரெண்டு வாரந்தானே."

மில்லிக்குக் கோபம் வந்தது. வளர்த்தவள் என்றுகூடப் பார்க்காமல் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. எழுநூறு, எண்ணூற்று ஐம்பது, ஆயிரத்து ஐம்பது. ஒரேயடியாக ஏற்றினால் தம்பி சந்தேகப்படுவான் என்று, துணிக்குத் தையல் விடுகிற மாதிரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கிறாள். மூச்சு வாங்க நின்று சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் அவர் நெற்றியை வைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் தரையில் உட்கார்ந்து அவள் வீங்கிய கால் இரண்டையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கார் வரும்வரை அழுதார்.

மருத்துவமனையில் டாக்டர் நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். இவ்வளவு போயிருந்தால் இவ்வளவு நீர் எப்படி என்று கேட்டார். மில்லி தலையைக் குனிந்துகொண்டு, தண்ணீர் கலந்தது என்றார். அந்த இரண்டு வார்த்தையை வாழ்க்கையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறார். வாய்விட்டுச் சொல்ல அன்றைக்குத்தான் அவ்வளவு கஷ்டப்பட்டார்.

குழாய் வைத்து, கட்டிலின் பக்கத்தில் ஒரு பை தொங்கவிட்டார்கள். அதிலும் கோடுகள் இருந்தன. நரம்பில் மருந்து ஏற்றியும் சாயங்காலம்வரை தொண்ணூறுதான் இறங்கியது. கறுத்து, நுரைத்து, இம்மி தண்ணீர் கலக்காத தொண்ணூறு.

மறுநாள் மேடம் பார்க்க வந்தார். புரதமில்லாத எலிகளுக்கு மருந்தை அல்புமினோடு முதலிலேயே கலந்து ஏற்றிப் பார்த்ததாகவும், மூன்றில் நின்ற எலிகள் ஏழு மில்லிக்கு ஏறிவிட்டதாகவும் சொன்னார். மில்லி இல்லாததால் அவரே உட்கார்ந்து அளந்தாராம். மில்லி அவரை அப்படியே விட்டுவிட்டு டாக்டரின் அறைக்கு ஓடினார். மருந்தைத் தனியாக அனுப்பாதீர்கள், தூக்கிக்கொண்டு போக ஆள் சேர்த்து அனுப்புங்கள் என்றார். சொன்ன விதத்தைக் கேட்டு டாக்டர் சிரிக்கவில்லை. இதை மனிதர்களுக்கும் செய்து பார்ப்பது உண்டுதான், நாங்களும் அதைத்தான் செய்யப்போகிறோம் என்றார். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று உட்காரச் சொன்னார்.

"உங்க எலிக்குப் புரதம் இல்ல, ஆனா கிட்னி நல்லாருக்கு. அக்காவுக்கு சல்லடையே போயிடுச்சு. நாம ஏத்தற புரதமும் ஒழுகிடும். ஒழுகினது கிட்னிக்குள்ள இருக்கற கொழாய்ல நின்னு மருந்தப் பிடிச்சுக்கும். எலிக்குக் கேட்ட மாதிரி கேக்கும்னு நான் சொல்ல முடியாது."

ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று மில்லி கேட்டார். இப்போது அதை யோசிக்க வேண்டாம் என்றார் டாக்டர். அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அல்புமின் ஏற்றிய முதல் நாலு மணி நேரத்தில் பையில் இருநூற்று இருபது சேர்ந்தது. மில்லி கட்டிலுக்கும் பைக்கும் நடுவில் தரையில் குந்திக்கொண்டு, கோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தபடி இருந்தார். அக்கா முடியாத நிலையிலும், எழுந்து நாற்காலியில் உட்காரடா என்றாள். அடுத்த நாலு மணி நேரத்தில் முப்பது. அதற்கடுத்து பத்து. அப்புறம் சொட்டு விழுவதை எண்ணிவிடலாம் போல ஆயிற்று. மூன்றாம் நாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினில் போடலாம் என்று பார்த்தார்கள்; உடம்பு அதைத் தாங்குகிற நிலையில் இல்லை.

நான்காம் நாள் பிற்பகல். ஜன்னல் வழியாக வெயில் கட்டில் விளிம்புவரை வந்திருந்தது. நர்ஸ் பையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனாள். காலையிலிருந்து அறுபது. அக்கா கண்ணைத் திறந்தாள். முகம் வீங்கி, கண் கீற்றாகத்தான் தெரிந்தது. தலையைத் திருப்பிப் பையைப் பார்க்க அவளால் முடியாது.

"இன்னிக்கு எவ்ளோடா?" என்றாள்.

மில்லி பையைப் பார்த்தார். மேடம் கேட்டாலும், டாக்டர் கேட்டாலும், எதிரில் யார் வந்து நின்றாலும் இருந்ததை இருந்தபடி சொல்கிற வாய் அது.

"ஆயிரத்து எரநூறுக்கா."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு கூட்டுவதில் அவளைவிடத் தேர்ந்தவர் யார்? அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? வீங்கிய உதடு ஓரமாக லேசாக நெளிந்தது.

"எழுதிட்டியா?" என்றாள்.

மில்லி தன் தோள்பையிலிருந்து நோட்டை எடுத்தார். நாள் எழுதினார், நேரம் எழுதினார். ஆயிரத்து இருநூறு என்று எழுதினார். எழுதிட்டேன் என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

மில்லி பதினாறு நாள் கழித்து வேலைக்குத் திரும்பினார். கூண்டுகளைக் கழுவினார், தண்ணீர்ப் புட்டிகளின் மூக்கைத் திருகிப் பார்த்தார். ஒன்று லேசாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்தார். யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் தம்ளரை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தார். மில்லி அளவு ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

ஏழு மாதம் கழித்து அந்தக் கட்டுரை அச்சாகி வந்தது. மேடம் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவருடைய நல்ல பெயர் முழுசாக, எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. துல்லியமான அளவுகளுக்காக நன்றி என்று போட்டிருந்தார்கள்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இஸ்திரி மேசை மேல் வைத்தார். பிறகு நோட்டை எடுத்து விரித்தார். அக்காவின் அளவுகள் பத்து, அவருடையது ஒன்று. பதினொன்றும் பொய். கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் முறை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றின் மேலும் கோடு போட அவருக்கு மனசு வரவில்லை. கட்டுரையை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்து மூடினார்.